ஆரம்பப் பிரிவு வீடுகளுக்குக் கிழமைக்கொரு செய்தி: என்ன எழுதுறது, ஆர் வாசிக்கிறது?

கேள்வி
எழுதியவர்: குளக்கட்டு ரீச்சர் (ஒட்டுசுட்டான் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானிலயிருந்து உள்ளுக்குப் போற பாதையில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 3 படிப்பிக்கிறன். தரம் 1 தொடக்கம் 5 வரைக்கும்தான் இருக்கு. வாற தவணையிலயிருந்து கிழமைக்கு ஒருக்கா எல்லா வீட்டுக்கும் ஒரு செய்தி போகவேணும் எண்டு அதிபர் சொல்லிப்போட்டார். பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது, அடுத்த கிழமை என்ன நடக்கப் போகுது, அதோட பிள்ளையின்ர உடல்நலம், மனநலம் பற்றி ஒரு பகுதி. எழுதுறது நான்.

எனக்கு அதில மறுப்பில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வாறது எப்பவும் அதே முகங்கள்தான். வராத வீடுகளுக்குத்தான் நாங்கள் கனக்கச் சொல்லவேணும். ஆனா பெரிய ரவுண் பாடசாலையள் போடுற தாள் ரெண்டு மூண்டை ஒரு சிநேகிதி அனுப்பினா. கலர்ப் படம், பரிசளிப்பு விழா, கீழ ஒரு பெட்டிக்குள்ள "பிள்ளைகளுக்கு மனஅழுத்தம் தராதீர்கள், சத்துள்ள உணவு கொடுங்கள், அவர்களோடு நேரம் செலவிடுங்கள்." வாசிச்சுப்போட்டு என்ர வகுப்பு வீடுகளை ஒவ்வொண்டா நினைச்சுப் பாத்தன்.

ஒரு பிள்ளையின்ர தாய் குவைத்தில. பிள்ளை அம்மம்மாவோட. அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, கண்ணாடி இருந்தாலும் எழுத்துத் தெரியாது. இன்னொரு வீட்டில தகப்பன் கொக்கிளாய்ப் பக்கம் மீன்பிடி வாடியில நிண்டு தொழில் செய்யிறார், போன் அவரோட போயிடும். அறுவடைக் காலத்தில தாயும் தகப்பனும் விடிய வெளிக்கிட்டால் பிள்ளையள் தாங்களா எழும்பி, தாங்களா தலை இழுத்து வருவினம். இவைக்கு "நேரம் செலவிடுங்கள்" எண்டு நான் அச்சடிச்சு அனுப்புறதோ?

இன்னொண்டும் இருக்கு. இண்டைக்கு தரம் 2, 3 பிள்ளையளின்ர தாய்மார் கனபேர் முப்பது வயதுக்கு அங்கால இங்கால. கடைசிச் சண்டை நடந்த 2008, 2009இல அவை தாங்களே பள்ளிக்கூடப் பிள்ளையள். கிளிநொச்சியிலயிருந்து தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன் எண்டு ஓடி, பிறகு மெனிக் பாம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ள மண்ணில இருந்து படிச்சவை. சிலர் அதோட விட்டிட்டினம். அவையிட்டப் போய் பெரிய எழுத்து நடையில ஒரு பக்கத்துக்கு அறிவுரை சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு. வாசிக்கேலாத ஆள் "வாசிச்சன் ரீச்சர்" எண்டு சொல்லிப்போட்டுப் போகும், எங்களுக்கும் தெரியாது.

அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ. தாளோ, வட்ஸ்அப்போ? நலப் பகுதியில எதை எழுதினால் உண்மையா வீட்டில ஏதும் நடக்கும்? எதை எழுதவே கூடாது? ஆரும் தாய் தகப்பன் இந்தப் பக்கம் வந்தால், உங்களுக்கு என்ன வேணும் எண்டதையும் சொல்லுங்கோ.

பதில் 1
எழுதியவர்: லைன் நாலு (புதுக்குடியிருப்பு)

ரீச்சர், நான் தாய். ரெண்டு பிள்ளையள், மூத்தவள் தரம் 5, சின்னவன் தரம் 1. கார்மென்ற்சில வேலை. விடிய ஐஞ்சரைக்கு கொம்பனி பஸ் சந்திக்கு வந்திடும், பின்னேரம் வீட்டுக்குள்ள கால் வைக்க ஏழு மணி ஆகும். வேலை நேரம் போன் லொக்கருக்குள்ள.

எங்கட பள்ளிக்கூட குறூப்பில ஒரு நாளைக்கு எத்தனை மெசேச் எண்டு கேளாதேங்கோ. காலை வணக்கம், பூப்படம், ஆரோ அனுப்பின நாட்டு மருந்து, பிறந்தநாள் கேக். அதுக்கு நடுவில "நாளைக்கு வெள்ளைச் சீருடை இல்லை, விளையாட்டு உடுப்பு" எண்டு ஒரு வரி கிடக்கும். நான் ஏழு மணிக்குப் பிறகு சோறு போட்டுப்போட்டு மேல இழுத்து இழுத்துத் தேடவேணும். விட்டால் அடுத்தநாள் என்ர பிள்ளை மட்டும் வெள்ளை உடுப்போட நிக்கும். அதால முதலாவது, அறிவித்தலுக்கு வேற குறூப், அதில ரீச்சர்மார் மட்டும்தான் எழுதலாம் எண்டு பூட்டி வையுங்கோ. போனில அந்த வசதி இருக்கு.

ரெண்டாவது, எழுதுறதை விட்டிட்டு வொய்ஸ் போடுங்கோ. ஒரு நிமிசத்துக்கு மேல வேண்டாம். நான் குசினியில நிண்டு வேலை செய்து கொண்டே கேப்பன், பக்கத்தில மாமியும் கேப்பா. உங்கட குரல் கேட்டால் சின்னவன் "எங்கட ரீச்சர்" எண்டு ஓடி வருவான். எழுத்துத் தெரியாத அம்மம்மாவுக்கும் இதுதான் சரி. எட்டு மணிக்குப் பிறகு போட்டால் நல்லம், அதுக்கு முதல் போன் என்ர கையில இல்லை.

மூண்டாவதுதான் முக்கியம். எல்லாரும் எங்களுக்குச் சொல்லுறியள், நாங்கள் உங்களுக்குச் சொல்ல வழி இல்லை. மகள் கொஞ்சக் காலமா இரவில பல்லு நறுமிறாள், புலமைப்பரிசில் சோதினைப் பயம் எண்டு எனக்கு விளங்குது. அதை நான் குறூப்பில எழுதுறதோ? லீவு போட்டு வந்து சொன்னால் அண்டைய சம்பளத்தோட வருகைப் படியும் போகும். எழுதவும் வெக்கம், என்ர எழுத்துப் பிழை. தாளிலயோ கொப்பியிலயோ ஒரு மூலையில பெட்டி ஒண்டு விடுங்கோ. கதைக்க வேணுமெண்டால் நாங்கள் அதுக்குள்ள ஒரு கீறு போட்டு விடுவம். என்ன விசயம் எண்டு எழுதத் தேவையில்லை. நீங்கள் இரவு ஒருக்கால் போன் அடிச்சால் காணும்.

பதில் 2
எழுதியவர்: வவுனியா அப்பா

எல்லாம் சரி, மாதாந்தப் பரீட்சைப் புள்ளியையும், வகுப்பில எத்தனையாம் பிள்ளை எண்டதையும் கிழமைச் செய்தியில போடுங்கோ. அப்பதான் எல்லாரும் திறந்து பாப்பினம். நலம், மனநலம் எல்லாம் பிறகு.

பதில் 3
எழுதியவர்: குளக்கட்டு ரீச்சர்

அண்ணை, திறந்து பாப்பினம், உண்மைதான். ஆனா முதல் மூண்டு பிள்ளையின்ர வீடுதான் திரும்பத் திரும்பத் திறக்கும். கடைசிப் பிள்ளையின்ர அம்மம்மா அதுக்குப் பிறகு அந்தப் போனைத் தொடவே மாட்டா. புள்ளி கேக்கிறது உங்கட உரிமை. உங்கட பிள்ளையின்ர புள்ளியை உங்களுக்குத் தனிய சொல்லலாம், மற்றப் பிள்ளையின்ரதை உங்களுக்குச் சொல்லேலாது. இதை நான் போடமாட்டன்.

லைன் நாலு அக்கா, பெட்டிக்குள்ள கீறு எண்டது எனக்குத் தோன்றவே இல்லை. அதை எடுத்துக்கொள்ளுறன். மகளுக்கு இப்பவே வகுப்பாசிரியரோட கதையுங்கோ, சோதினை முடியட்டும் எண்டு வைச்சிராதேங்கோ.

பதில் 4
எழுதியவர்: இளைப்பாறிய அதிபர் (மல்லாவி)

தங்கச்சி, வாசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் துணுக்காய், மாந்தை கிழக்கு, கரைச்சி என்று வன்னிக்குள்ளேயே படிப்பித்தவன் நான். சில விடயங்கள் சொல்கிறேன்.

தாளை வெள்ளிக்கிழமை கொடுக்காதீர். வெள்ளியில் வரவு குறையும். கோயில், சந்தை, அயலூர் உறவுக்காரர் வீடு என்று ஏதாவது வந்துவிடும். வராமல் நிற்பது நீர் தேடுகிற அதே வீட்டுப் பிள்ளைதான். வியாழன் கொடும். அன்று வராதவனுக்கு வெள்ளி ஒரு சந்தர்ப்பம் இருக்கும்.

போட்டோக்கொப்பிக்குக் காசு தேடி அலையவும் வேண்டாம். அபிவிருத்திச் சங்கத்தில் பணம் இருந்தால் அது குழாய் திருத்தவே காணாது. தரம் 3, 4, 5 பிள்ளைகளுக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பியைச் செய்திக் கொப்பி என்று ஒதுக்கும். வியாழன் கடைசிப் பாடத்தில் கரும்பலகையில் நாலு வரி எழுதிவிடும், பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். வீட்டில் அதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதுதான் அன்றைய வீட்டுவேலை. எழுத்துத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேரும், பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி, வாசிப்பவன் வீட்டில் பெரிய மனிதன் ஆகிவிடுவான். நான் அதிபராக இருந்த இடத்தில் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு மேல்வகுப்பு அண்ணன் அக்காமார் எழுதிக் கொடுத்தார்கள். நாலு வரிக்கு மேல் போகாதீர். கரும்பலகையில் எழுதக் கை வலித்தால் தேவையில்லாதது தானாக வெட்டுப்பட்டுவிடும்.

தாள் அனுப்பும்போது விபரம் கேட்காதீர். இந்தச் சனம் 2009க்குப் பிறகு நிரப்பின படிவத்துக்குக் கணக்கில்லை. மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், காணி, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, இன்னும் எத்தனையோ. குடும்ப விபரம், வருமானம், கையொப்பம் என்று ஒரு கட்டம் கண்டால் முதலில் பயம்தான் வரும். அது பாடசாலையின் நல்லெண்ணத்தாளாக இருந்தாலும் அப்படித்தான். அந்தத் தங்கச்சி சொன்ன பெட்டிக்குள் கீறு ஒன்று காணும்.

நலப் பகுதிக்கு எங்கள் மண்ணின் நாட்காட்டியைப் பார்த்து எழுதும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. பெற்றோர் வயலில், பிள்ளைகள் தனித்து. அப்போது எழுத வேண்டியது சத்துணவு அல்ல. பிள்ளை பாடசாலை விட்டுப்போய் யார் வீட்டில் நிற்கும் என்பது. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வரும். அந்த நாட்களில் தண்ணீர்ப் போத்தல், தொப்பி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், வகுப்பு அரைவாசி காலியாகும், அதற்கு ஏசி எழுதாதீர். ஆடி, ஆவணிச் சோளகக் காற்றில் செம்மண் தூசி, கண்ணோவு. ஐப்பசி பிறந்தால் மழை, குளம் வான் பாயும், வாய்க்காலில் பிள்ளைகள் இறங்குவார்கள், பாம்பு வீட்டுக்குள் வரும். மழை மண்ணைக் கழுவிய பிறகு தெரியாத இரும்புச் சாமான் வெளியே தெரியும். தொடாதே, எடுக்காதே, பெரியவரிடம் சொல் என்று ஒவ்வொரு மாரிக்கும் எழுதும். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடம் என்று பலகை இருந்தாலும் எழுதும்.

இன்னொன்றை நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். போரில் இழந்தவர்களை நினைக்கிற மே 18 வருகிற கிழமையும் கார்த்திகைக் கடைசிக் கிழமையும் எங்கள் வீடுகள் பல பேச்சில்லாமல் இருக்கும். தாய் அழுவதைப் பிள்ளை பார்க்கும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அடுத்த நாள் வகுப்பில் அடிபடுவான் அல்லது மேசையில் தலை வைத்துப் படுப்பான். அந்தக் கிழமைகளில் பரீட்சை வைக்காதீர். செய்தியில் அரசியலும் வேண்டாம், ஆறுதல் வசனமும் வேண்டாம். "இந்தக் கிழமை வீட்டுவேலை இல்லை" என்று ஒரு வரி போடும். விளங்க வேண்டியவருக்கு விளங்கும்.

பதில் 5
எழுதியவர்: சுகாதாரப் பரிசோதகர் (முல்லைத்தீவு மாவட்டம்)

ரீச்சர், எங்கட பக்கத்து விசயத்தை மட்டும் சொல்லுறன்.

தரம் 1, 4, 7, 10 பிள்ளையளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். உங்கட மாதிரி சின்னப் பள்ளிக்கூடமெண்டால் எல்லாரையும் பாத்திடுவம். திகதியை அதிபருக்கு அறிவிப்பம், அது வீட்டுக்குப் போறதில்லை, அதுதான் எங்கட பெரிய தலையிடி. தரம் 1 பிள்ளையின்ர கிளினிக் கொப்பி வேணும். அஞ்சு வயதில போடுற ஊசியும் போலியோ சொட்டும் எடுத்ததோ எண்டு அதிலதான் பாக்கிறது. தாய் வந்தால் இன்னும் நல்லம். பிள்ளைக்குக் கண் பார்வை குறைவெண்டோ, பல்லில சூத்தை எண்டோ நாங்கள் எழுதிக் குடுக்கிற துண்டு புத்தகப் பையிலயே கிடந்து கிழியும். உங்கட செய்தியில "துண்டு குடுத்திருக்கிறம், கேட்டு வாங்குங்கோ" எண்டு அண்டைக்கே ஒரு வரி போட்டால் எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது. பூச்சிக் குளிசை குடுக்கிற நாளும் அப்பிடித்தான்.

டெங்குக் காலத்தில குப்பை கூட்டுங்கோ எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அது எல்லாருக்கும் மனப்பாடம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் குடுங்கோ, புரூபன் மாதிரி மற்ற நோக்குளிசையளும் அஸ்பிரினும் வேண்டாம் எண்டு எழுதுங்கோ. காய்ச்சல் மூண்டாம் நாளைக்குப் போனால் ஆசுபத்திரியில காட்டி இரத்தம் சோதிக்கவேணும். இதிலயும் முக்கியமானது, காய்ச்சல் விட்ட உடன சுகம் எண்டு நினைக்கக்கூடாது. டெங்குவில ஆபத்து வாறது காய்ச்சல் இறங்கிற நேரம்தான். பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், சத்தி நிக்காட்டில், மூத்திரம் குறைஞ்சால் உடன கொண்டு ஓடவேணும். 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். நெக்ரோ, பீற்றூட் மாதிரி சிவப்புக் குடிபானம் குடுக்காதேங்கோ எண்டும் போடுங்கோ. சத்தியில இரத்தமோ சாயமோ எண்டு டொக்டருக்குத் தெரியாமல் போயிடும்.

அம்மாள் வருத்தம், அதுதான் கொப்புளிப்பான், வந்தால் எங்கட சனம் வேப்பிலை கட்டி வீட்டில வைச்சிருக்கும், அது நல்லதுதான், பிள்ளை வெளியில போகாது. தண்ணி வாத்த உடன பள்ளிக்கூடம் அனுப்புறதுதான் பிரச்சினை. எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரைக்கும் மற்றவைக்குத் தொத்தும்.

எழுதக் கூடாதது எண்டு கேட்டீங்கள். ஒரு பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு பேரோட எழுதக் கூடாது. "தரம் 2இல ஒரு மாணவிக்குப் பேன்" எண்டு எழுதினாலும் சின்ன வகுப்பில எல்லாருக்கும் ஆரெண்டு விளங்கிடும். "இந்தக் கிழமை எல்லா வீட்டிலயும் தலை பாருங்கோ" எண்டு பொதுவாப் போடுங்கோ. தொத்து வருத்தம் பரவுது எண்டு எழுத முதல் எங்கட பணிமனைக்கு ஒருக்கால் அடிச்சுக் கேளுங்கோ.

அந்தப் பெட்டிக்குள்ள வாற கீறைப் பற்றியும் ஒரு சொல். சிலது பல்லு நறுமுறதாய் இருக்காது. தகப்பன் குடிச்சுப்போட்டு அடிக்கிறார், வீட்டுக்கு வாற ஆரோ பிள்ளையைத் தொடுறான் எண்டு வரும். அதை நீங்கள் தனிய சுமக்காதேங்கோ, போய் விசாரிக்கவும் வேண்டாம், அயலில கேக்கவும் வேண்டாம். அதிபருக்குச் சொல்லுங்கோ. பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பினம். 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். தாய்மாருக்கு மனம் பாரமெண்டால் 1926 மனநலச் சேவை. இந்த மூண்டு இலக்கத்தையும் கொப்பி மட்டையின்ர உள்பக்கத்தில ஒட்டிவிடுங்கோ.

பதில் 6
எழுதியவர்: குளக்கட்டு ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. சேர், செய்திக் கொப்பி யோசினைக்கு அதிபரும் ஓம் எண்டிட்டார். படம் போடுறதில்லை எண்டும் முடிவெடுத்தம். பிள்ளையளின்ர முகம் ஆரின்ர போனுக்கெல்லாம் போகும் எண்டு சொல்லேலாது. வெளிநாட்டில இருக்கிற தாய்மாருக்கும் அதே வொய்ஸ் போகும். குவைத்தில இருக்கிறவ இண்டைக்கே கேட்டா, "எனக்கும் போடுவீங்களோ ரீச்சர்" எண்டு.

ஒரு விசயத்தில மட்டும் சேரோட ஒத்துப்போக ஏலாமல் இருக்கு. நாலு வரி எண்டது கரும்பலகைக்குச் சரி. ஆனா நலப் பகுதிக்கு ஒரு வரி காணாது எண்டு நினைக்கிறன். ஏன் செய்யவேணும் எண்டு தெரியாட்டில் ஆர் செய்வினம்? டெங்கு விசயத்தைப் பரிசோதகர் விளக்கின மாதிரிச் சொன்னால்தான் மனதில நிக்கும். அதை வொய்ஸில சொல்லுவன், கொப்பியில தலைப்பு மட்டும். முதல் கிழமைக்கு எழுதி வைச்சிருக்கிறது இது, பாத்துச் சொல்லுங்கோ.

"நடந்தது: தரம் 4, 5 தோட்டத்தில் பயிற்றை நட்டோம். தரம் 1 எல்லோரும் தங்கள் பெயரைப் பார்க்காமல் எழுதினார்கள்.
வருவது: புதன் மருத்துவப் பரிசோதனை. தரம் 1 கிளினிக் கொப்பி வேண்டும். முடிந்தால் பெரியவர் ஒருவர் வரவும்.
வீட்டில் ஒன்று: இரவு எட்டரைக்குப் பிள்ளையைப் படுக்க விடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.
கதைக்க வேண்டுமானால் பெட்டிக்குள் ஒரு கீறு."

வொய்ஸில சேர்த்துச் சொல்லப்போறது, 6 தொடக்கம் 12 வயதுப் பிள்ளைக்கு 9 தொடக்கம் 12 மணித்தியாலத் தூக்கம் வேணும், எட்டரைக்குப் படுத்து ஐஞ்சரைக்கு எழும்பினால்தான் ஆகக் குறைஞ்ச ஒன்பது வரும், முதல் பாடத்திலயே கொட்டாவி விடுற பிள்ளைக்கு என்ர கணக்குப் பாடம் ஏறாது எண்டு. தோட்டமும் பேரெழுத்தும் ஏன் முதல் வரி எண்டால், பள்ளிக்கூடத்திலயிருந்து வாற தகவல் எல்லாமே குறையா இருந்தால் சனம் அந்தக் கொப்பியைக் கண்டாலே ஒளிக்கும். தரம் 1 எண்டு முழு வகுப்பாத்தான் எழுதியிருக்கிறன், ஆரின்ர பேரும் இல்லை.

பதில் 7
எழுதியவர்: லைன் நாலு (புதுக்குடியிருப்பு)

நல்லா இருக்கு ரீச்சர். ஒரு திருத்தம். பரிசோதனை எத்தனை மணிக்கு எண்டும் போடுங்கோ. எட்டு மணிக்கு எண்டால் எங்களை மாதிரி ஆக்கள் அரைநாள் லீவு கேட்டு வந்து காட்டிப்போட்டு, மத்தியானத்தோட வேலைக்குப் போகலாம். நேரம் போடாட்டில் முழு நாள் லீவு, அதுக்குச் சுப்பவைசரிட்ட முதல் கிழமையே சொல்லவேணும். எட்டரைக்குப் படுக்கிறது எங்கட வீட்டில நடக்காது, நானே ஏழுக்குத்தான் வாறன், ஒன்பது எண்டு முயற்சி செய்யிறன்.